கார் சீட்டு அப்புறம், மொதல்ல இடுப்பெலும்பைத் தொட்டுப் பாருங்க

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து ஃபார்முலா பாரத்துக்கு, அதான் காலேஜ் பசங்க தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டற போட்டிக்கு, கார் கட்ட கெளம்புற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதறேன். செட்டிபாளையம் கரி டிராக் நமக்குப் பக்கந்தான், ஆனா அங்க போறதுக்கு ரொம்ப முன்னாடியே, சேசிஸ் (காரோட எலும்புக்கூடு) பைப் வெட்டறதுக்கு முன்னாடியே சீட்டு முடிவாயிருக்கணும்.

மரப்பலகை, பிவிசி பைப் வெச்சு ஒரு டம்மி காக்பிட் (டிரைவர் உக்கார்ற எடம்) கட்டுங்க. எங்க டீம்ல ஆறடி சேட்டன் ஒருத்தரு, அஞ்சடி தங்கச்சி ஒருத்தி, ரெண்டு பேரையும் ஹெல்மெட், ஷூவோட உக்கார வெச்சுப் பாத்தோம். பிரேக்கை முழுசா மிதிச்சாலும் முட்டி லேசா மடங்கியே இருக்கணும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சாலும் முழங்கை எங்கயும் இடிக்கக் கூடாது. ரூல்ல பெர்சின்னு ஒரு அளவுப் பொம்மை இருக்கு, இடுப்புக்கு 200 மிமீ விட்டமுள்ள வட்டம், தோளுக்கு 200, ஹெல்மெட்டோட தலைக்கு 300, இடுப்புல இருந்து தோளுக்கு 490, தோள்ல இருந்து தலைக்கு 280, இதை அட்டைல வெட்டி வெச்சுப் பாருங்க. ஆள் மாறும்போது பெடல் பாக்ஸ்தான் நகரணும், சீட்டை நகர்த்தினா பெல்ட் கோணமும் கூடவே மாறிடும்.

சீட்டுக்கு ரெண்டு கெமிக்கல் கலக்கற பியூ (பாலியூரிதேன்) ஃபோம் நல்லது. கனமான குப்பைக் கவருக்குள்ள ஊத்தி, மேல டிரைவர் ரேஸ் சூட்டோட உக்காந்து, கை ஸ்டீயரிங்ல கால் பெடல்ல வெச்சு, இறுகற வரைக்கும் அசையாம இருக்கணும். நாங்க மார்ச் மாச மத்தியான வெயில்ல மொத்தத்தையும் ஒரே தடவைல ஊத்திட்டோம், அவரு சரியா உக்காரறதுக்குள்ள பொங்கி இறுக ஆரம்பிச்சு, முதுகு சுட்டு எந்திரிச்சுட்டாரு, அத்தனையும் வீண். விடியக்காலைல, கொஞ்சங்கொஞ்சமா, காத்தோட்டமான இடத்துல, கிளவுஸ் மாஸ்க் போட்டு ஊத்துங்க.

இப்ப பெல்ட்டு. இடுப்புக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் விரலை வெச்சு அழுத்தினா முனையா ஒரு எலும்பு தட்டும் பாருங்க, லேப் பெல்ட், அதான் மடிக்குக் குறுக்க போற பெல்ட், அதுக்குக் கீழதான் போகணும். வயித்து மேல ஏறிச்சுன்னா மோதும்போது குடலைத்தான் நசுக்கும். நிமிந்து உக்கார்ற சீட்டுன்னா லேப் பெல்ட் கோணம் கிடைமட்டத்துல இருந்து 45ல இருந்து 65 டிகிரி, சாஞ்ச சீட்டுன்னா 60ல இருந்து 80. தோள் பெல்ட் பின்னாடி போற கோணம் கிடைமட்டத்துக்கு மேல 10 டிகிரி, கீழ 20 டிகிரிக்குள்ள, அதுக்கும் கீழ கட்டினா மோதும்போது முதுகெலும்பைக் கீழ அமுக்கும். சீட்டுல பெல்ட்டுக்கு ஓட்டை போட்டா பெல்ட் விளிம்புல மடங்காம நேராப் போகணும், அங்க உரசி நைஞ்சா அந்த பெல்ட்டை நம்பாதீங்க. மாட்டும்போது லேப் பெல்ட்டை மொதல்ல இறுக்கிட்டு தோளுக்கு வாங்க, மாத்தி இறுக்கினா லேப் பெல்ட் வயித்துக்கு ஏறிடும்.

5 செகண்டுல வெளிய வரணும்ங்கறது ரூல். அதைக் கடைசி நாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க, டம்மி காக்பிட்லயே கிளவுஸ் போட்ட கையால பக்கிளைத் திருப்பி, ஸ்டீயரிங்கைக் கழட்டி வெளிய வரப் பழகுங்க, எங்க தங்கச்சிக்கு ஸ்டீயரிங் கழட்டற எடத்துலதான் 2 செகண்ட் போச்சு.