ஹாக்கி அணியின் வயதைக் கணக்கிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

தோற்ற அணியைப் பார்த்து "டீமுக்கு வயசாயிடுச்சு" என்கிறோம். ஜெயித்த அணியில் நாலு மூத்தவர்கள் இருந்தால் "அனுபவம் பேசுது" என்கிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி மைதான ஓரங்களில் இரண்டையும் கேட்கலாம். இரண்டுமே முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படுபவை. ஆட்டத்துக்கு முன்பே, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, வயதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால்தான் அந்தக் கணக்கால் ஒரு பயன் உண்டு.

2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கி, தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஒரு தொழில்முறை அணி வந்ததிலிருந்து இந்தப் பேச்சு டெல்டாவில் இன்னும் கூடியிருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர்; அந்த ஊர்ப் பையன் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டுப் பெயரெடுத்தவர், டிராகன்ஸிலும் ஆடினார். நம் பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்கிற நேரம் இது. இந்த நேரத்தில் தப்பான கணக்கு போட்டு நல்ல ஆட்களை இழக்கக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சராசரியைப் பார்த்து முடிவெடுப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். 18 பேர் கொண்ட ஓர் அணியில் ஒன்பது பேருக்கு 26 வயது, ஒன்பது பேருக்கு 27 வயது என்று வையுங்கள். சராசரி 26.5. இன்னோர் அணியில் ஒன்பது பேருக்கு 21, ஒன்பது பேருக்கு 32. அதற்கும் சராசரி 26.5தான். ஆனால் இரண்டும் ஒரே அணியா? முதல் அணியில் எல்லோரும் இன்று நல்ல வேகத்தில் இருக்கிறார்கள், ஐந்து வருடம் கழித்து எல்லோரும் ஒன்றாக முப்பதைத் தாண்டுவார்கள். இரண்டாவது அணியில் உச்சத்தில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை. பாதிப் பேர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள்.

வயல் முழுக்க ஒரே நாளில் நட்டால் ஒரே நாளில் அறுத்துத்தான் ஆக வேண்டும். பெல்ஜியத்தைப் பாருங்கள். ஒரே தலைமுறை ஆட்கள் கூடவே வளர்ந்தார்கள். 2016 ரியோவில் வெள்ளி, 2018 புவனேஸ்வரில் உலகக் கோப்பை, டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம். 2023 உலகக் கோப்பை இறுதி வரைக்கும் அதே முகங்கள் பலவற்றோடு போய் ஜெர்மனியிடம் ஷூட்-அவுட்டில் தோற்றார்கள். அப்போது அந்த அணியில் முப்பதைத் தாண்டியவர்கள் நிறைய. 2024 பாரிஸில் காலிறுதியில் ஸ்பெயினிடம் 2-3 என்று வெளியேறினார்கள். அந்த ஒரு தோல்விக்கு வயதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நாக்-அவுட் ஆட்டம் யாருக்கும் சறுக்கும். ஆனால் ஒரு தலைமுறையை மட்டும் நம்பி வென்ற அணிக்கு, அடுத்த தலைமுறையை ஆளாக்கும் வேலை ஒட்டுமொத்தமாக ஒரே சமயத்தில் தலையில் விழுகிறது. அதைச் சராசரி எண் காட்டவே காட்டாது.

ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். கோல்கீப்பர், பேக், மிட்ஃபீல்டு, ஃபார்வர்டு என்று நாலு வரிசையாக ஆட்களின் வயதை எழுதிப் பாருங்கள். எந்த வரிசையில் எல்லோரும் ஒரே வயதில் குவிந்திருக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டுவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே வயது வரம்பு வைப்பது

இந்தியக் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் பாரிஸில் வெண்கலம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றபோது அவருக்கு 36 வயது. டிராகன்ஸ் அணி கோலில் நிற்க எடுத்த அயர்லாந்து வீரர் டேவிட் ஹார்ட்டுக்கும் அந்த முதல் சீசனில் 36தான். இதே வயதில் ஒரு ஃபார்வர்டை எந்த அணியும் யோசித்துத்தான் எடுக்கும்.

காரணம் உடம்பின் வேலையில் இருக்கிறது. கோல்கீப்பர் நீண்ட ஓட்டம் ஓடுவதில்லை. பந்து எந்தக் கோணத்தில் வரும், அடிப்பவன் தோளை எப்படித் திருப்புகிறான், ஷூட்-அவுட்டில் எப்போது முன்னேறி வர வேண்டும் என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான பந்துகளைச் சந்தித்துச் சேர்த்த அறிவு. ஃபார்வர்டுக்கு அப்படியில்லை. குறுகிய தூரத்துக்குப் பாய வேண்டும், மூச்சு வாங்குவதற்குள் மறுபடி பாய வேண்டும். வேகம் குறைவதைவிட, ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் நடுவே தேறிக்கொள்ளும் நேரம் கூடுவதுதான் வயதின் முதல் அறிகுறி. ஆட்டத்தின் நாலு கால்பகுதிகளில் (குவார்ட்டர்) முதல் குவார்ட்டரில் இது தெரியாது, நான்காவதில் தெரியும்.

ஆட்ட விதிகளும் இதில் புகுந்துகொள்கின்றன. 1990களில் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் போய் நிற்பதற்கான தடை) எடுக்கப்பட்டது, 2009இல் ஃப்ரீ ஹிட்டைத் தனக்கே தட்டிக்கொண்டு ஓடலாம் என்று வந்தது. இரண்டும் ஆட்டத்தை நீட்டி, ஓய்வைச் சுருக்கின. மறுபக்கம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி ஃபார்வர்டின் ஆயுளைக் கூட்டியது. சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடலாம். நம் ஊர் ஆட்டங்களில் மூத்த ஃபார்வர்டை முழு நேரமும் உள்ளே நிறுத்திவிட்டு, கடைசியில் "ஓட முடியல" என்று குறை சொல்வதைப் பார்க்கிறேன். மே மாத வெயிலில் இது வயதின் குற்றமில்லை, பெஞ்சைப் பயன்படுத்தாத கோச்சின் குற்றம்.

பேக் வரிசையில் நின்ற இடத்திலேயே ஆட்டத்தைப் படிப்பவர்கள் நீண்ட நாள் தாங்குவார்கள். அதில் பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் போடுபவர் மட்டும் விதிவிலக்கு. அந்த அசைவு இடுப்பையும் கீழ் முதுகையும் தின்கிறது. அவருடைய வயதை வருடத்தில் எண்ணாமல், பயிற்சியில் எத்தனை ஃபிளிக் போடுகிறார் என்று எண்ணுவது நல்லது.

ஐஸ் ஹாக்கியின் எண்ணை நம் ஹாக்கியில் ஒட்டுவது

ஹாக்கி வீரரின் உச்ச வயது என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வருவது வட அமெரிக்காவின் என்.எச்.எல். கணக்கு. அது பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி. அங்கே 1997-98 முதல் 2011-12 வரையான சீசன்களை எடுத்து ஒரு நல்ல ஆய்வு நடந்தது: ஃபார்வர்டுகளின் உச்சம் 27-28, தடுப்பாட்டக்காரர்களின் உச்சம் 28-29, கோல்கீப்பர்களிடம் வயதால் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. உச்சத்துக்குக் கிட்டத்தட்ட நிகரான ஆட்டத்தை ஃபார்வர்டுகள் 24 முதல் 32 வரையும், தடுப்பாட்டக்காரர்கள் 24 முதல் 34 வரையும் தருகிறார்கள். எடுத்துக்காட்டுபவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லி, அகலமான இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்த எண்களை அப்படியே நம் புல்தரைக்கும் டர்ஃப் என்கிற செயற்கைத் தரைக்கும் கொண்டுவர முடியாது. மோதல் வேறு, ஓட்டம் வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வளைவின் வடிவத்தை: உச்சி கூர்மையாக இல்லை, மேட்டு நிலம் போல் அகலமாக இருக்கிறது. 28 முடிந்ததும் ஒருவரை ஓரங்கட்டுவதற்கு அதில் ஓர் ஆதாரமும் கிடையாது.

நிலைத்தவர்களை மட்டும் பார்ப்பது, விலகியவர்களை மறப்பது

1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதியில் ஜெர்மனியை 8-1 என்று வென்றபோது அணித்தலைவர் தியான் சந்துக்கு 31 ஆக இரண்டே வாரம் பாக்கி. தன்ராஜ் பிள்ளை நான்காவது ஒலிம்பிக்காக ஏதென்ஸில் இறங்கியபோது வயது 36. இவர்களைக் காட்டி "முப்பத்தஞ்சு வரைக்கும் தாராளமா ஆடலாம்" என்பவர்கள் உண்டு. அந்த வயது வரை ஆடக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடப் பல படி மேலே இருந்தவர்கள். மற்றவர்கள் அதற்குள் உதிர்ந்துவிட்டதால் கணக்கில் வரவே இல்லை. மூத்தவர்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் வயது யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் தோன்றும்.

டெல்டாவில் இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் நடக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நம் பகுதியில் 22, 23 வயதோடு நிறையப் பேர் ஸ்டிக்கை வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து "நம்ம பசங்களுக்கு இருபத்திரண்டுக்கு மேல ஆட்டம் இல்லை" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அவர்கள் ஆட்டம் குறைந்து விலகவில்லை. ரயில்வேயிலோ காவல்துறையிலோ வங்கியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தவன் தொடர்ந்து ஆடுகிறான். கிடைக்காதவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறான், இல்லையென்றால் அப்பாவோடு வயலில் இறங்குகிறான். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்த ஒருவருக்கும், அதே பள்ளியில் அவரோடு ஆடி வேலை கிடைக்காமல் போன ஒருவருக்கும் உள்ள வித்தியாசம் கால் வேகத்தில் இல்லை. நாம் வயது வளைவு என்று நினைப்பது இங்கே வேலைவாய்ப்பு வளைவு. உண்மையான உச்சமான 25 முதல் 30 வரையான வருடங்களில் ஆட நம்மிடம் ஆளே இருப்பதில்லை. ஒரு மாவட்ட அணி ஆண்டுதோறும் இளைஞர்களாகவே இருக்கிறது என்றால் அதைப் பெருமையாகச் சொல்லாமல், நடுவயதுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

ஜூனியர் வெற்றியை முன்பணமாக எண்ணுவது

2001இல் ஹோபர்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என்று வீழ்த்தி இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. மூன்று வருடத்தில் ஏதென்ஸில் சீனியர் அணி ஏழாம் இடம். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. 2016இல் லக்னோவில் மறுபடி ஜூனியர் கோப்பை. இந்த முறை ஹர்மன்பிரீத், மன்தீப், குர்ஜந்த், சிம்ரன்ஜீத், வருண், நீலகண்ட சர்மா, சுமித் என்று அந்த அணியின் ஏழு பேர் ஐந்து வருடம் கழித்து டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார்கள். அந்த ஜூனியர் அணியின் தலைவர் ஹர்ஜீத் சிங் அவர்களில் இல்லை.

இரண்டு கோப்பைக்கும் நடுவில் மாறியது வயதல்ல. 2016 பிள்ளைகள் சீனியர் அணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, மூத்தவர்களோடு சேர்த்து நுழைக்கப்பட்டார்கள். டோக்கியோவில் அவர்களுக்குப் பின்னால் ஸ்ரீஜேஷ் இருந்தார், மன்பிரீத் சிங் இருந்தார். இருவரும் 2012 லண்டனில் கடைசி இடமான 12ஆம் இடத்தைப் பிடித்த அணியில் இருந்தவர்கள். பாரிஸுக்குப் போன 16 பேரில் 11 பேர் டோக்கியோவில் ஆடியவர்கள், ஐந்து பேர் புதியவர்கள். காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக பிரிட்டனை 1-1 என்று பிடித்து நிறுத்தி ஷூட்-அவுட்டில் வென்றார்கள். பழகிய ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் அப்படி ஒரு தடுப்பாட்டத்தை ஆட முடியாது. 13 நாளில் 8 ஆட்டம் ஆடியதற்குக் கால் வேண்டும். அதற்கு அந்த ஐந்து பேர் வேண்டியிருந்தது.

சான்றிதழ் வயதை அப்படியே நம்புவது

வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஜனவரி 1 கணக்குத் தேதி. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பதினாலு வயதில் அந்தப் பதினொரு மாதம் ஒரு சாண் உயரம்வரைக்கும்கூடப் பேசும். கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1980களிலேயே கண்டுபிடித்தார்கள். திறமை என்று நாம் எடுப்பது பல நேரம் வருடத் தொடக்கத்தில் பிறந்ததன் பலன்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல். போன தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும் நாளில் வாத்தியார் எழுதிய மே, ஜூன் தேதிகள்தான் பலருக்குப் பிறந்தநாள். இப்போது பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக வந்துவிட்டாலும், வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கம் முழுவதும் ஒழியவில்லை. இரண்டு வயது பெரிய பையன் பதினாலு வயதுப் பிரிவில் கோப்பை வாங்கிக் கொடுப்பான். பத்தொன்பதில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்ததும் அவனிடம் கைத்திறன் இல்லை என்பது தெரியும், அதற்குள் உண்மையான பதினாலு வயதுக்காரன் ஹாக்கியையே விட்டிருப்பான். இதில் பெற்றோரும் பயிற்சியாளரும் கறாராக இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இதோடு டர்ஃப் வயதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். களிமண் தரையில் வளர்ந்து 20இல் முதன்முறை டர்ஃபில் இறங்கிய 24 வயதுக்காரரும், 12இலிருந்து டர்ஃபில் ஆடும் 20 வயதுக்காரரும் பந்தை நிறுத்துவதிலேயே வேறுபடுவார்கள். இங்கே இளையவர்தான் அனுபவசாலி.

இரண்டாவது கோல்கீப்பரை மறப்பது

2024-25 ஹாக்கி இந்தியா லீகில் ஒவ்வோர் அணியும் 24 பேரை எடுக்கலாம் என்று இருந்தது. அதில் 16 இந்தியர், அந்தப் பதினாறில் குறைந்தது நால்வர் ஜூனியர் என்று விதி வைத்திருந்தார்கள். நம் கிளப்புகளும் இதைத் தாங்களாகவே பின்பற்றலாம். ஆனால் பெயரைப் பட்டியலில் எழுதினால் போதாது, ஆட்ட நேரம் கொடுக்க வேண்டும். இதில் அதிகம் அடிபடுவது இளைய கோல்கீப்பர். மற்ற இடங்களில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் சின்னப் பையனுக்கும் நாலு நிமிடம் கிடைக்கும். கோலில் மூத்தவர் நன்றாக நின்றால் இளையவர் சீசன் முழுக்க பேடு கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஸ்ரீஜேஷ் இருந்த காலத்திலேயே இந்திய அணி பல ஆட்டங்களில் அவரையும் கிருஷன் பதக்கையும் குவார்ட்டருக்கு ஒருவராக மாற்றி மாற்றி நிறுத்தியது. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றபோது பதக் ஏற்கெனவே பெரிய அணிகளைச் சந்தித்த கைக்காரர். நம் லீக் ஆட்டங்களில் இரண்டாவது, நான்காவது குவார்ட்டரை இளைய கீப்பருக்கு என்று சீசன் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். ஆட்டம் நெருக்கமாக இருக்கிறது என்பதற்காக அந்த நான்காவது குவார்ட்டரை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.