அட்வென்ச்சர் குகையில் எல்லாரும் செய்கிற தவறுகள்

கட்டளையைத் தட்டச்சு செய்து, எழுத்தில் வரும் பதிலைப் படித்து, குகைக்குள் புதையல் தேடும் பழைய கணினி விளையாட்டான கொலாசல் கேவ் அட்வென்ச்சரை முதல்முறை விளையாடுபவர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு இது, அதனால் அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வில் கிரௌதர் 1970களின் நடுவில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதியதை, 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் மொத்தம் 350 புள்ளி எடுக்கக்கூடிய விளையாட்டாக வளர்த்தார்.

முதல் தவறு, காகிதமும் பென்சிலும் இல்லாமல் உட்காருவது. கிரௌதர் கென்டக்கியின் மாமத் குகைக்குள் இறங்கி அளந்து வரைபடம் போட்டவர், அவருடைய விளையாட்டை வரைபடம் இல்லாமல் ஆடினால் தொலைந்துதான் போவோம். வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்றும் நம்ப வேண்டாம். எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கும் அந்தச் சுற்றுவழியில் இது இன்னும் மோசம். அங்கே அறைக்கு ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வையுங்கள், ஆனால் புதையலைப் போடாதீர்கள், கொள்ளைக்காரன் கண்ணில் பட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சாவி, சாப்பாடு, பாட்டில் போதும். ஒரே நேரத்தில் ஏழு பொருளுக்கு மேல் சுமக்க முடியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விளக்கு. வுட்ஸின் பதிப்பில், தொடக்கத்தில் விளையாட்டு விளக்கம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அது எரிவது 330 நகர்வுகளுக்குத்தான். அது கிடைக்கிற ஊற்று வீட்டிலேயே ஏற்றிவிட்டு, வெளியே பட்டப்பகலில் எரியவிட்டபடி சுற்றுகிறவர்கள் எத்தனை பேர்! இருட்டு வரும்போது ஏற்றுங்கள், வெளிச்சத்துக்கு வந்ததும் அணையுங்கள். பேட்டரி வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்கு ஒரு புதையலையே விலையாகக் கொடுக்க வேண்டும், 350-ஐயும் முழுசாக எடுக்கும் வாய்ப்பு போச்சு.

சரி, பறவை விஷயம். கூண்டு கையில் இருக்கும், பறவை எதிரே இருக்கும், பிடிக்கப் போனால் மிரளும். உடனே பலர் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். நீங்கள் உள்ளே வந்தபோது பயப்படாத பறவை நெருங்கும்போது கலவரப்படுகிறது என்று பதிலிலேயே எழுதியிருக்கிறதே, அப்படியானால் உங்களிடம் இருக்கிற ஏதோ ஒன்றுதானே காரணம்? கறுப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கணினியோடு பேச உதவிய டெர்மினல் என்ற கருவிகள் பலவற்றில் பதில் காகிதத்தில் அச்சாகி வரும், சுருளை இழுத்து மறுபடி படிப்பார்கள். இப்போது திரையில் ஓடிப்போனதை மேலே நகர்த்திப் பார்க்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை.

நீளமான வாக்கியம் அடிப்பதும் வீண், இரண்டு சொல்தான் அதற்குப் புரியும், அதிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்க்கும்.

அப்புறம், விடைகளை முன்கூட்டியே தேடிப் படித்துவிடாதீர்கள், தயவுசெய்து. டிராகனை எப்படிக் கொல்வது என்று நானும் சொல்லப் போவதில்லை. கொல்லச் சொன்னதும் விளையாட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். கிண்டல் என்று நினைத்துத் தாண்டிப் போகாமல் அதற்குப் பதில் சொல்லுங்கள்.