மீனின் குரலை வாயில் தேடாதீர்கள்

மீன் சத்தம் போடும் என்றால் உடனே எல்லாரும் அதன் வாயைத்தான் பார்க்கிறார்கள். முதல் தப்பே அதுதான்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மிட்ஷிப்மேன் என்றொரு மீன் உண்டு. உடம்பில் ஒளிப்புள்ளிகள் கடற்படைச் சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக இருப்பதால் அந்தப் பெயர். இனப்பெருக்கக் காலத்து இரவுகளில் ஆண் மீன் கரையோரப் பாறைக்கு அடியில் கூடு பிடித்துக்கொண்டு, பெண்ணை அழைக்க 'ம்ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். 1980களில் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் படகு வீடுகளில் இருந்தவர்கள் இந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்டு, ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்றே நினைத்தார்கள்.

சத்தம் வருவது காற்றுப்பையிலிருந்து, அதாவது மீன் மிதக்க உதவும், உடம்புக்குள் இருக்கும் பையிலிருந்து. சரி, இதைத் தெரிந்தவர்களும் அடுத்து ஒன்றில் தடுக்கி விழுகிறார்கள்: பையின் அளவுதான் சுருதியைத் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியில்லை. பையின் இரண்டு பக்கமும் தசை ஒட்டியிருக்கிறது, அது நொடிக்குச் சுமார் 100 தடவை சுருங்கினால் சத்தமும் சுமார் 100 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் மூளையிலிருந்து தனியாக ஒரு கட்டளை வரவேண்டும். பின்மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் இதற்கென்றே நியூரான் (நரம்பணு) கூட்டங்கள் இருக்கின்றன: ஒன்று எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிறது, இன்னொன்று எவ்வளவு வேகம் என்று தாளம் போடுகிறது, மூன்றாவது அந்தத் தாளத்தை அப்படியே தசைக்கு அனுப்புகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாஸ் குழுவினர் செய்த சோதனையைப் பார்த்தால் சந்தேகமே வராது. தசையைச் செயலிழக்க வைத்துவிட்டு நடுமூளையைத் தூண்டினார்கள். சத்தம் இல்லை, ஆனால் தசைக்குப் போகும் நரம்பில் அதே தாளம் ஓடியது. பாட்டு முழுக்க மூளையிலேயே இருக்கிறது, எனக்கு இதைவிட அழகான சோதனை தெரியாது.

அப்புறம், எல்லா ஆண் மிட்ஷிப்மேனும் பாடும் என்று நினைக்காதீர்கள். சின்ன உருவ ஆண் ஒரு வகை உண்டு, அது ரீங்கரிக்காமல் அடுத்தவன் கூட்டுக்குள் நைசாக நுழைந்து முட்டைகளைக் கருவுறச் செய்யும். எல்லா மீனுக்கும் இதே வழி என்பதும் தவறு. நம்ம ஊர்க் கெளுத்தியைக் கையில் பிடித்தால் 'கிர்க் கிர்க்' என்கிறதே, அது பக்கத் துடுப்பு முள்ளின் அடிப்பகுதி குழியில் உரசுகிற சத்தம்.

மிட்ஷிப்மேனின் ரீங்காரத்தை வெறும் அனிச்சைச் செயல் என்று ஒதுக்குவதும் சரியில்லை. இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் அதைப் பாடத் தூண்டுகிறது. விளக்கை அணைக்காமலே வைத்தால் ரீங்காரம் அடங்கிவிடுகிறது. பாட்டைப் பற்றிப் பேசும்போது காதை மறந்துவிடுவது இன்னொரு தவறு. தசைக்குத் தாளம் அனுப்பும் அதே பின்மூளை காதுக்கும் உடனுக்குடன் செய்தி அனுப்புகிறது, தன் சத்தத்திலேயே தன் செவி மரத்துப்போகாமல் இருக்கத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண் மீனுக்கோ இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி, ரீங்காரத்தில் உள்ள உயர்ந்த சுருதிகளும் தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கின்றன.