மண்ணிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்து இனங்காணும் முறை

ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதைத் தேடுவதில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மண்ணை அன்று, பாக்டீரியாவை. ஒவ்வொரு ஃபேஜும் தனக்கு ஏற்ற ஓம்புயிரிக்குள், அதாவது தான் தொற்றும் பாக்டீரியாவுக்குள், மட்டுமே பெருகும். மண்ணில் இயல்பாக வாழ்வதும் பொதுவாக நோய் உண்டாக்காததுமான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் தொடக்கநிலை ஆய்வாளருக்கு ஏற்றது. மட்கிய இலைகள் கிடக்கும் ஈரமான நிழலிடத்தில் மண்ணை எடுத்து, இடம், ஆழம், வெப்பநிலை, நாள் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் திரவ ஊடகத்தில் ஓரிரு மணி நேரம் குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தினால் பாக்டீரியாக்கள் தங்கிவிடும், ஃபேஜ்கள் கடந்து வரும். அந்த வடிநீரில் ஓம்புயிரியையும் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடையும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் சில நாட்கள் குலுக்கி, மீண்டும் வடிகட்டுங்கள். செல்கள் கட்டியாகாதிருக்க வளர்ப்பில் சேர்க்கும் ட்வீன் 80 என்ற சோப்புபோன்ற பொருள் இந்தக் கட்டத்தில் கூடாது; ஃபேஜ் செல்லில் ஒட்டுவதை அது தடுக்கும்.

இனி, 0.5 மில்லிலிட்டர் பாக்டீரியா வளர்ப்பில் 10 மைக்ரோலிட்டர் வடிநீரைக் கலந்து, ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் விட்டு, ஏறத்தாழ 50 டிகிரியில் உருகிய நிலையில் இருக்கும் மேலடுக்கு அகரை (ஆறினால் இறுகும் கூழ்மத்தை) சேர்த்து, அகர் ஊடகத் தட்டில் ஊற்றுங்கள். அதைவிடச் சூடானால் பாக்டீரியா இறக்கும், ஆறினால் அகர் கட்டிதட்டும். ஓரிரு நாளில் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மங்கலான பாக்டீரியா விரிப்பில் சிறு வட்டங்கள் தெரியும், இவையே பிளேக்குகள். தெளிந்த வட்டம் செல்களை முற்றிலும் சிதைக்கும் ஃபேஜையும், கலங்கிய நடுப்பகுதி ஓம்புயிரியின் மரபணுத்தொகுதிக்குள் ஒடுங்கியிருக்கவல்ல ஃபேஜையும் பெரும்பாலும் சுட்டும். காற்றுக்குமிழியும் பிளேக் போலவே ஏமாற்றும் என்பதால், மறுபடி தட்டிலிட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

என் கருத்தில், முழுப் பணியின் தரமும் தூய்மைப்படுத்தலில்தான் இருக்கிறது. தனித்து நிற்கும் ஒரு பிளேக்கைப் பிப்பெட் நுனியால் தொட்டு, ஃபேஜ் தாங்கல் கரைசலில் கரைத்து, பத்து பத்து மடங்காக நீர்த்து, மீண்டும் தட்டிலிடுங்கள். இதைக் குறைந்தது மூன்று முறையும், எல்லாப் பிளேக்குகளும் ஒரே தோற்றம் கொள்ளும் வரையும் செய்யுங்கள். இங்கே அவசரப்பட்டால், பின்னர் டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும்போது இரு ஃபேஜ்களின் மரபணுத்தொகுதிகள் கலந்து வரும். அதைப் பிரித்தறிவது பெரும்பாடு.

தூய ஃபேஜைப் பெருக்கியபின் அடர்த்தியைக் கணக்கிடுங்கள். பத்து இலட்சம் மடங்கு நீர்த்ததில் 10 மைக்ரோலிட்டர் இட்ட தட்டில் 47 பிளேக்குகள் இருந்தால், 47-ஐ 0.01-ஆல் வகுத்து 10 இலட்சத்தால் பெருக்க, மில்லிலிட்டருக்கு 470 கோடி ஃபேஜ்கள் என வரும். மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கவும் டி.என்.ஏ. பிரிக்கவும் இந்த அளவு போதுமானது.

யுரேனைல் அசிட்டேட்டால் சாயமிட்ட மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் ஃபேஜின் தலையின் விட்டம், வாலின் நீளம், வால் சுருங்கும் வகையா என்பவற்றைப் பாருங்கள். ஒன்றை மட்டும் அளக்காமல் பல துகள்களை அளந்து சராசரி எடுங்கள். டி.என்.ஏ.வுக்கு, ஓம்புயிரியின் நியூக்ளிக் அமிலங்களை நொதிகளால் முதலில் சிதைத்துவிட்டு, அதன்பின்னரே ஃபேஜின் புரத உறையைத் திறக்க வேண்டும். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் நொதிகள் தரும் துண்டுகளின் அமைப்பு முதல் ஒப்பீட்டுக்கு உதவும். இனத்தொடர்பை உறுதிப்படுத்துவது முழு மரபணு வரிசையே. அதற்கு அனுப்பும் முன், அதே கரைசலில் ஒரு பகுதியை மண்ணெடுத்த குறிப்புகளுடன் பெயரிட்டு, உறைகுளிரில் பத்திரப்படுத்துங்கள்.