வானம் மட்டும் ஏன் காயவில்லை?

கல்லூரி ஓவியப் பாடத்துக்காக, மொரிஷியஸின் காத்ர் போர்ன் நகரில் எங்கள் மாடியிலிருந்து தெரியும் கோர் த கார்த் மலையை அக்ரிலிக் பெயிண்டில் வரைந்தேன். ஐந்து நாளாகியும் வானம் மட்டும் பிசுபிசுவென்றே இருந்தது. மேலே போட்ட பிரெஞ்சு செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு, எழுத்துகள் இடவலம் மாறி மேகத்தில் பதிந்துவிட்டன.

ஜனவரிப் புழுக்கம்தான் காரணம் என்று மின்விசிறி போட்டேன். பிறகு ஹேர் டிரையர். சூடு பட்டதும் இன்னும் இளகியது. வார்னிஷ் அடித்து மூடிவிடு என்றார் அம்மா, நல்லவேளை, அடிக்கவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். மலை அன்றே காய்ந்திருந்தது. வானத்திலும் ஓரத்தில் ஒரு விரல் அகலத் துண்டு மட்டும் கல் மாதிரி இருந்தது. அது கடைசியில் தண்ணீர் மட்டும் தொட்டு அவசரமாகத் திருத்திய இடம். மற்ற இடமெல்லாம், நீலமும் வெள்ளையும் இழைய வேண்டுமே என்று, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைக் கண்ணளவாக ஊற்றியிருந்தேன். கிட்டத்தட்ட பெயிண்டுக்குச் சமமாக! அளவு மீறினால் அது படலத்துக்குள்ளேயே தங்கிவிடும், பிசுபிசுப்பு லேசில் போகாது.

வானத்தைக் கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் விட்டேன். இந்த முறை ஒரு மேசைக்கரண்டி பெயிண்டுக்கு ஏழெட்டுச் சொட்டுதான். தட்டில் கலந்து வைத்த பெயிண்ட் காயாமலிருக்க அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டேன். மறுநாள் காலை அதே செய்தித்தாளை வைத்து அழுத்தினேன். சுத்தமாக வந்தது.