காருக்குள்ள இருக்கிறது மரமா, மரம் மாதிரியா? எல்லாரும் பண்ற தப்புங்க

காருக்குள்ள மரம்னு சொன்னதும் பலகைய அறுத்து இழைச்சு பாலிஷ் போட்டு டேஷ்போர்டுல பொருத்தியிருக்காங்கன்னு தான் நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, மத்த தப்பெல்லாம் இந்த ஒரு நினைப்புல இருந்து தான் வருது. பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ்ல கூட டேஷ்போர்டுலயும் கதவுலயும் நீங்க பாக்குறது வெனீர் தான், அதாவது மரத்துல இருந்து கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கனத்துக்கு சீவி எடுத்த தாள். அத பிளைவுட், அலுமினியம், பிளாஸ்டிக்னு ஏதோ ஒண்ணு மேல ஒட்டி, அதுக்கு மேல கோட்டு கோட்டா லேக்கர் அடிச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்குறாங்க. முழு பலகைய வச்சா வெயிலுக்கும் ஈரத்துக்கும் வளையும், வெடிக்கும், ஆக்சிடென்ட்ல கூரா ஒடஞ்சு குத்தும், அதான் இந்த ஏற்பாடு.

போலி எப்படின்னா பிளாஸ்டிக் மேல மர ரேகைய பிரிண்ட் பண்ணி, அது மேலயும் கிளியர் கோட்டு அடிப்பாங்க. ஆக பளபளப்பு டிரிம்ல, அதாவது காருக்குள்ள அழகுக்கு பொருத்துற பீஸ்ல, ரெண்டுலயுமே உங்க விரல் தொடுறது மேல்பூச்ச தான், மரத்த இல்ல. அதனால "தொட்டு பாத்தேன் ஜில்லுன்னு இருந்துச்சு, பிளாஸ்டிக் தான்", "தட்டி பாத்தேன் சத்தம் சரியில்ல"ன்னு தீர்ப்பு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல, பிளாஸ்டிக் மேல ஒட்டின நிஜ வெனீரும் தட்டினா பிளாஸ்டிக் மாதிரி தான் கேக்கும். நகத்தால கீறி பாக்குறது, ஊசிய சூடு பண்ணி குத்தி பாக்குறது எல்லாம் அத விட மோசம், கடைசியில ஓட்டை விழுந்தது தான் மிச்சம்.

கண்ணு போதுங்க, கூட ஒரு போன் டார்ச். வெளிச்சத்த சாய்ச்சு அடிச்சிட்டு தலைய மெதுவா இந்த பக்கம் அந்த பக்கம் அசைச்சு பாருங்க. நிஜ மரத்துல, முக்கியமா பர்ல் வால்நட் மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கிற வகையில, இப்ப இருட்டா தெரியிற இடம் அடுத்த நொடி மின்னும், மின்னின இடம் இருட்டாகும், ஏன்னா நார் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு திசையில ஓடுது. பிரிண்ட்ல மேல இருக்கிற கோட்டு மட்டும் தான் மின்னும், உள்ள படம் அப்படியே செத்து கிடக்கும். அடுத்து ஓரத்துக்கு போங்க, கப் ஹோல்டர் மூடி, கியர் பக்கத்துல வளையிற இடம், கதவு சுவிட்ச சுத்தி இருக்கிற விளிம்பு. போலி பண்றதுல ஒரு பிரபலமான முறை என்னன்னா, டிசைன் பிரிண்ட் பண்ணின மெல்லிசு பிலிம தண்ணி மேல மிதக்க விட்டு, கெமிக்கல் ஸ்பிரே அடிச்சு இங்க் இளகினதும் பிளாஸ்டிக் பார்ட்ட அதுக்குள்ள முக்கி எடுக்குறது. தட்டையான இடத்துல அருமையா உக்காரும், ஆனா ஆழமான வளைவுல டிசைன் இழுபட்டு ரேகையெல்லாம் நீளமா மங்கலா போயிடும், மர நார் ஒரு மூலைய சுத்தி அப்படி ஜவ்வா இழுபடவே படாது.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போலின்னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, இதுல தான் நிறைய பேர் தலைகீழா புரிஞ்சிக்கிறாங்க. நல்ல வேலைப்பாடு இருக்கிற கார்ல ஒரே மரத்துல அடுத்தடுத்து சீவின தாள்கள புக்க விரிக்கிற மாதிரி விரிச்சு, நடு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் மாதிரி வர வச்சு தான் ஒட்டுவாங்க. அதனால இடமும் வலமும் பொருந்துறது நிஜ மரத்துக்கே ஒரு அடையாளம். ஆனா அடுத்தடுத்த தாள்னாலும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது, ஒரு சின்ன புள்ளி இங்க இருக்கும் அங்க கொஞ்சம் பெருசா இருக்கும், ஒரு கோடு லேசா நகர்ந்திருக்கும். முன் கதவுல இருக்கிற அதே முடிச்சு, அதே சாய்வுல, பின் கதவுலயும் புள்ளி மாறாம வந்திருந்தா அப்ப தான் சந்தேகப்படணும்.

இன்னொன்னு, நேர் நேரா கோடு போட்ட மாதிரி இருந்தா "ஸ்டிக்கர்டா இது"ன்னு சொல்லிடுறாங்க. லெக்சஸோட ஷிமாமோக்குன்னு ஒரு டிரிம் இருக்கு, கருப்பு வெளுப்பு மர தாள்கள மாத்தி மாத்தி அடுக்கி ஒட்டி, அந்த அடுக்க திரும்ப குறுக்கால சீவி எடுக்குறது, 67 கட்ட வேலை, 38 நாள் ஆகும்னு கம்பெனியே சொல்லியிருக்கு. பாக்குறதுக்கு மெஷின் கோடு மாதிரி இருக்கும், ஆனா முழுக்க மரம். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ126 மாடல்ல வர்ற செப்ரானோங்கிற மரமும் பாக்க இப்படித்தான், வரிவரியா ஒழுங்கா இருக்கிறதால பிளாஸ்டிக்னு நினைச்சு கழட்டி வீசினா நஷ்டம் உங்களுக்கு தான்.

இப்ப ஓப்பன் போர்னு மேட் ஃபினிஷ் தான் ஃபேஷன், லேக்கர மெல்லிசா மட்டும் அடிச்சு மரத்தோட நுண்குழி விரலுக்கு தட்டுப்படுற மாதிரி விடுறது. சொரசொரன்னு இருந்தா நிஜம்னு நம்பினா வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற கதை தான், போலி பிலிம்லயும் அந்த குழிய அச்சு குத்தி வச்சுடுறாங்க. மலிவான பிலிம்ல பிரிண்ட் ரேகை ஒரு பக்கம் போகும், குத்தின குழி அது பாட்டுக்கு வேற பக்கம் போகும், நிஜத்துல குழி ரேகைய ஒட்டியே ஓடும்.

பேட்ஜ பாத்து முடிவு பண்றதும் வேண்டாம். லக்ஸுரி பிராண்டுலயும் பேஸ் வேரியன்ட்ல பிரிண்ட் வரும், ஒரே கார்ல டேஷ்போர்டு நிஜம், ஸ்டியரிங் போலின்னு கலந்தும் வரும். பிரோஷர்ல வெனீர், ஜெனுயின் வுட்னு போட்டிருக்கா, இல்ல வுட் கிரெய்ன், வுட் லுக், வுட் எஃபெக்ட்னு நழுவியிருக்காங்களான்னு படிங்க. வாங்கின பழைய கார்னா டிரிம கழட்டுறப்ப பின்பக்கம், வெட்டு விளிம்பு ரெண்டையும் பாருங்க, சந்தேகம் அங்கயே தீந்துரும்.

பராமரிப்புல தான் காசு போற தப்பு நடக்குது. மரமாச்சேன்னு எண்ணெய் தடவுறாங்க, லேக்கர தாண்டி ஒரு சொட்டு உள்ள போகாது, தூசி தான் ஒட்டும். ஓப்பன் போர்ல வேக்ஸ் தேய்ச்சா குழிக்குள்ள வெள்ளையா போய் உக்காந்துக்கும், அப்புறம் பல்துலக்குற பிரஷ வச்சு நோண்டிட்டு இருக்கணும். லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் துணி, அடுத்தே காஞ்ச துணி, அவ்வளவு தான் தேவை. வெயில்ல வருஷக்கணக்கா நின்ன கார்ல ரேகையோட சேர்ந்து முடி மாதிரி விரிசல் வந்தா பெரும்பாலும் அது நிஜ வெனீர், மரம் விரிஞ்சு சுருங்க வயசான லேக்கர் ஈடு குடுக்க முடியாம வெடிக்குது. போலி அப்படி வெடிக்காம மங்கும், இல்ல உரியும். எதுவா இருந்தாலும் சாண்ட்பேப்பர எடுத்துடாதீங்க, பிரிண்ட் ஒரு தேய்ப்புல காணாம போயிடும், வெனீரே அரை மில்லிமீட்டர் தான்னா எத்தன தேய்ப்பு தாங்கும் சொல்லுங்க. பழைய லேக்கர எடுத்துட்டு புதுசா அடிக்கிறது அதுக்குன்னே இருக்கிற ஆள் பண்ற வேலை. ஒரே ஒரு பீஸ் மட்டும் பழைய கார்ல இருந்து வாங்கி மாட்டினா ரேகையும் கலரும் பக்கத்து பீஸோட ஒத்துப்போகாது, முடிஞ்சா செட்டா தேடுங்க.

என்னைய கேட்டா நாள் பூரா வெயில்ல நிக்கிற காருக்கு நல்ல பிரிண்ட் டிரிம் ஒண்ணும் கேவலம் இல்ல, வெடிச்ச வால்நட்ட விட பாக்க நல்லாவே இருக்கும். ஆனா தனியா வாங்கி டபுள் டேப்ல ஒட்டுற கிட் மட்டும் யோசிச்சு வாங்குங்க, பயணி பக்கம் ஏர்பேக் திறக்குற மூடி மேல அது எதுவும் வரக்கூடாது, ஏர்பேக் வெடிச்சு திறக்குறப்ப ஒட்டின துண்டு முகத்துக்கு நேரா பறக்கும். அந்த இடத்துக்கு வர்ற பீஸ் கிட்ல இருந்தா ஒட்டாம டப்பாவுலயே வச்சிடுங்க.