போட்டோஷாப்பில் உங்கள் வேலைக்கேற்ற பேனலை நீங்களே அமைப்பது எப்படி?

போட்டோஷாப்பில் ஓரளவு கைபழகியதும் எல்லோருக்கும் ஓர் ஆசை எழும். நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளுக்கெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு பட்டன் இருக்க வேண்டும், அதை ஒருமுறை சொடுக்கினால் ஐந்தாறு படிகள் தாமாகவே நடந்து முடிய வேண்டும் என்பதே அது. இந்த ஆசையோடு இணையத்தில் தேடுபவர்களில் பலர், வேறொருவர் உருவாக்கிய பெரிய பேனல் ஒன்றைத் தரவிறக்கி நிறுவிக்கொள்கிறார்கள். அதில் வரிசை வரிசையாக இருக்கும் பட்டன்களில் எது என்ன செய்கிறது என்று புரியாமல், இரண்டு மூன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு மீதியை மறந்தும் விடுகிறார்கள். அந்தப் பேனல்கள் மோசமானவை அல்ல. அவற்றை உருவாக்கியவரின் வேலை முறையிலிருந்து அவை பிறந்தவை என்பதுதான் சிக்கல். எனவே தொடக்கநிலையில் இருப்பவர்கள் முதலில் சொந்தமாக ஒரு சிறிய பேனலை அமைத்துக்கொண்டு, அதன் பிறகே பிறருடைய பேனல்களைச் சேர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தேவையில்லை. நாம் செய்யும் படிகளைப் பதிவு செய்து வைத்து, பின்னர் அவற்றைத் தானாகவே மீண்டும் நடத்தும் வசதியாகப் போட்டோஷாப்பில் ஏற்கெனவே இருக்கும் ஆக்‌ஷன்ஸ் பேனலே போதும்.

ஆக்‌ஷன்ஸ் வசதி 1996-இல் வந்த போட்டோஷாப் 4.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதற்குப் பின் வந்த பேனல் தொழில்நுட்பங்கள் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. ஃபிளாஷ் அடிப்படையில் செய்யப்பட்ட பேனல்கள் சிசி 2014 பதிப்போடு இயங்காமல் போயின. அடுத்து வந்த, எச்டிஎம்எல் அடிப்படையிலான சிஇபி பேனல்களின் இடத்தை, 2020 அக்டோபரில் வெளியான 22.0 பதிப்பு முதல் யுஎக்ஸ்பி என்ற புதிய முறை பிடித்துக்கொண்டு வருகிறது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஆக்‌ஷன் கோப்புகள் பதிப்பு விட்டுப் பதிப்பு கைகொடுத்து வருவதால், அதில் செலவிடும் உழைப்பு வீண்போகாது.

தொடங்கும் முன்

முதலில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் ஒரு வாரம் வேலை செய்யும்போது எந்தெந்தச் செயல்களை மறுபடி மறுபடி செய்கிறீர்கள் என்று குறித்து வாருங்கள். வாரக் கடைசியில் பார்த்தால் எட்டுப் பத்துச் செயல்களுக்கு மேல் தேறாது. உங்கள் பேனலில் இருக்க வேண்டிய பட்டன்கள் அவைதான். அடுத்து, பதிவு செய்வதற்கென்றே ஒரு சோதனைப் படத்தைத் தயார் செய்யுங்கள். அதில் ஒரே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் பட அடுக்கு) மட்டும் இல்லாமல் மூன்று லேயர்களாவது இருக்கட்டும். ஏன் என்பது கீழே விளங்கும்.

முதல் பட்டன்: ஒளியும் நிழலும் தீட்டும் லேயர்

முகப் படங்களைச் சீர்செய்பவர்கள் அடிக்கடி உருவாக்கும் சாம்பல் நிற லேயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஐம்பது விழுக்காடு சாம்பல் நிறத்தால் நிரப்பப்பட்ட ஒரு லேயரை சாஃப்ட் லைட் கலவை முறையில் வைத்தால், அந்தச் சாம்பல் நிறம் படத்தில் தெரியாது. ஆனால் அதன்மேல் வெள்ளையால் தீட்டினால் அவ்விடம் வெளிச்சமாகும், கறுப்பால் தீட்டினால் இருளும். மூலப் படத்தைத் தொடாமலேயே ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இது மிகவும் ஏற்ற முறை.

விண்டோ மெனுவில் ஆக்‌ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கணினியில் ஆல்ட் + எஃப்9, மேக் கணினியில் ஆப்ஷன் + எஃப்9 அழுத்தினாலும் அந்தப் பேனல் திறக்கும். பேனலின் அடியில் உள்ள ஃபோல்டர் படக்குறியைச் சொடுக்கி, உங்கள் பெயரிலோ வேலையின் பெயரிலோ ஒரு புதிய தொகுப்பை உருவாக்குங்கள். ஆக்‌ஷன்கள் எல்லாம் இந்தத் தொகுப்புக்குள்தான் இருக்க வேண்டும். அடுத்து கூட்டல் குறியைச் சொடுக்கினால் புதிய ஆக்‌ஷனுக்கான பெட்டி வரும். அதில் பெயரைச் சுருக்கமாகக் கொடுங்கள், ஏனெனில் இந்தப் பெயர்தான் பின்னர் பட்டனின் மேல் தெரியப்போகிறது. அதே பெட்டியில் ஒரு நிறத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். பேனலின் அடியிலுள்ள வட்டம் சிவப்பாக மாறும். இங்கே பதற்றப்பட வேண்டாம்: போட்டோஷாப் நீங்கள் செய்யும் செயல்களை மட்டுமே பதிவு செய்கிறது, இடையில் ஆகும் நேரத்தை அல்ல. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் பத்து நிமிடம் யோசித்தாலும் ஆக்‌ஷன் இயங்கும்போது அது தெரியாது.

இப்போது ஹிஸ்டரி பேனலின் அடியிலுள்ள கேமரா குறியைச் சொடுக்குங்கள். அந்த நிலையில் படம் எப்படி இருந்ததோ அது ஸ்னாப்ஷாட்டாகச் சேமிக்கப்படும், அச்செயலும் ஆக்‌ஷனின் முதல் படியாகப் பதிவாகும். பட்டனைத் தவறுதலாக அழுத்திவிட்டால் பத்துப் பதினைந்து முறை பின்வாங்காமல் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதால், என்னுடைய எல்லா ஆக்‌ஷன்களையும் இந்தப் படியோடுதான் தொடங்குகிறேன். அடுத்து, ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் லேயர் தேர்வாகும். அதன் பின் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்துங்கள். வரும் பெட்டியில் லேயருக்குப் பெயர் கொடுத்து, மோட் என்ற இடத்தில் சாஃப்ட் லைட்டைத் தேர்ந்தெடுத்து, சாம்பல் நிறத்தால் நிரப்புவதற்கான கட்டத்தில் குறியிட்டு, ஓகே கொடுங்கள். இவ்வளவும் ஒரே படியாகப் பதிவாகும். கடைசியாக, பிரஷ் கருவிக்கு பி விசையையும், நிறங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற டி விசையையும் அழுத்திவிட்டு, சதுர வடிவிலுள்ள நிறுத்தும் குறியைச் சொடுக்குங்கள்.

இடையில் தவறாக எதையாவது செய்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை. பதிவை நிறுத்தி, தவறான படியைக் குப்பைத்தொட்டிக் குறிக்கு இழுத்து நீக்கி, அதற்கு முந்தைய படியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மீண்டும் பதிவைத் தொடங்கினால் போதும்.

லேயர் பெயர் என்னும் கண்ணி

மேலே லேயரைச் சுட்டியால் தேர்ந்தெடுக்காமல் விசைகளால் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்கு வலுவான காரணம் உண்டு. தொடக்கநிலையாளர்களின் ஆக்‌ஷன்கள் பழுதாவதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். லேயர்ஸ் பேனலில் ஒரு லேயரைச் சுட்டியால் சொடுக்கினால், போட்டோஷாப் அந்த லேயரின் பெயரைப் பதிவு செய்துகொள்கிறது. நாளை வேறொரு படத்தைத் திறந்து அதே பட்டனை அழுத்தும்போது அந்தப் பெயரில் லேயர் இல்லையென்றால், அது கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையோடு ஆக்‌ஷன் நின்றுவிடும். விசைகளால் தேர்ந்தெடுத்தாலோ, எல்லாவற்றுக்கும் மேலுள்ள லேயர், ஒரு படி கீழேயுள்ள லேயர் என்று இடத்தைக்கொண்டே பதிவாகும். ஆல்ட்டோடு முற்றுப்புள்ளி மேல்மட்ட லேயருக்கும், ஆல்ட்டோடு காற்புள்ளி அடிமட்ட லேயருக்கும், ஆல்ட்டோடு சதுர அடைப்புக்குறி விசைகள் ஒரு படி மேலும் கீழும் போவதற்கும் உரியவை. மேக் கணினியில் ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன். பதிவு தொடங்கும்போது சோதனைப் படத்தின் நடு லேயர் தேர்வாகியிருந்தால், இந்தப் படிகள் சரியாகப் பதிவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று லேயர்கள் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பெயரைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. தோலின் நிறத்தையும் நுண்ணமைப்பையும் இரண்டு லேயர்களாகப் பிரிக்கும் முறையில், ஒரு லேயரை இன்னொன்றோடு கணக்கிட்டுக் கலக்கும் அப்ளை இமேஜ் கட்டளை தேவைப்படும். அது லேயரைப் பெயரால்தான் அறியும். அங்கே, ஆக்‌ஷனே லேயர்களை நகலெடுத்து அவற்றுக்குத் தானே பெயரும் சூட்டும்படி பதிவு செய்துவிட்டால், எந்தப் படத்திலும் அந்தப் பெயர்கள் இருக்கும். இதே ஆக்‌ஷனில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது: அப்ளை இமேஜ் பெட்டியில் 8 பிட் படத்துக்கு சப்ட்ராக்ட் முறையில் ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 என்று கொடுக்க வேண்டும், 16 பிட் படத்துக்கு ஆட் முறையைத் தேர்ந்தெடுத்து, இன்வெர்ட் கட்டத்தில் குறியிட்டு, ஸ்கேல் 2, ஆஃப்செட் 0 என்று கொடுக்க வேண்டும். எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பட்டன்கள் வைப்பதே சரி. மங்கலாக்கும் அளவு படத்துக்குப் படம் மாறும் என்பதால், காஸியன் பிளர் படிக்கு இடப்புறம் உள்ள சிறு கட்டத்தைச் சொடுக்கிவிடுங்கள். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தப் படியில் பெட்டி திறந்து, அளவை உங்களிடமே கேட்கும்.

படத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தேர்வு செய்யும் ஆக்‌ஷன் என்றால், பதிவுக்கு முன் அளவுகோலின் அலகைப் பிக்சலிலிருந்து விழுக்காட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் பெரிய படத்தில் பதிவான தேர்வு சிறிய படத்தில் வேறெங்கோ போய் நிற்கும்.

ஆக்‌ஷன்களைப் பட்டன்களாக்குதல்

எட்டுப் பத்து ஆக்‌ஷன்கள் சேர்ந்ததும், ஆக்‌ஷன்ஸ் பேனலின் மேல் வலது மூலையிலுள்ள மெனுவைத் திறந்து பட்டன் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படிகளின் நீண்ட பட்டியல் மறைந்து, நீங்கள் கொடுத்த நிறங்களோடு பட்டன்கள் அணிவகுத்து நிற்கும். பேனலை அகலமாக இழுத்தால் அவை பல நெடுவரிசைகளாக அமையும். இந்த நிலையில் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற பெயர் எதுவும் தெரியாது என்பதால், போட்டோஷாப்போடு வரும் இயல்பான தொகுப்பை நீக்கிவிடுவது நல்லது. வேண்டுமென்றால் பேனல் மெனுவிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவரலாம். பட்டன்களுக்கு நடுவே தலைப்பு வேண்டுமானால், எந்தப் படியும் இல்லாத வெற்று ஆக்‌ஷன் ஒன்றைச் சாம்பல் நிறத்தில் உருவாக்கி அதற்குத் தலைப்பையே பெயராகக் கொடுங்கள். அழுத்தினாலும் அது எதையும் செய்யாது. நிறங்களை அழகுக்காக அல்லாமல் பொருளுக்காகப் பயன்படுத்துவதே என் வழக்கம்: புதிய லேயர் உருவாக்குபவை பச்சை, லேயர்களை ஒன்றாக்குபவை சிவப்பு. அவசரத்தில் கை தவறாமல் இருக்க இது உண்மையிலேயே உதவுகிறது.

பட்டன் நிலையில் பதிவோ திருத்தமோ செய்ய முடியாது. மாற்ற வேண்டும் என்றால் அதே மெனுவில் பட்டன் மோடை அணைத்துக்கொள்ள வேண்டும்.

அணைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, சேமிப்பது. ஒருமுறை மாலை முழுவதும் உட்கார்ந்து பதினோரு ஆக்‌ஷன்களைப் பதிவு செய்து முடித்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மீண்டும் திறந்தபோது அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆக்‌ஷன்களைப் போட்டோஷாப் தன் அமைப்புகளுக்கான ஃபோல்டரில் தானாகவே எழுதிவைக்கிறது என்றாலும், அதை முறையாக மூடும்போதுதான் அந்த எழுத்து நடக்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆகவே தொகுப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பேனல் மெனுவில் சேவ் ஆக்‌ஷன்ஸ் கொடுத்து, ஏடிஎன் கோப்பாக வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆக்‌ஷன் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தக் கட்டளை மங்கலாகத்தான் இருக்கும். தொகுப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகவும் இந்த ஒரு கோப்பு போதும்.

பேனலை உங்களுக்கு வசதியான ஓரத்தில் பொருத்திய பின், விண்டோ மெனுவில் ஒர்க்ஸ்பேஸ், அதனுள் நியூ ஒர்க்ஸ்பேஸ் என்று போய் ஒரு பெயரில் சேமித்துவிடுங்கள். பேனல்கள் எப்படிக் கலைந்தாலும் அதே மெனுவிலுள்ள ரீசெட் கட்டளை அவற்றைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்கும்.

பிறர் உருவாக்கிய பேனல்களைச் சேர்த்தல்

இனி வெளியிலிருந்து பேனல் சேர்ப்பதற்கு வருவோம். பதிப்பு 22.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், பிளகின்ஸ் மெனுவிலிருந்தோ கிரியேட்டிவ் கிளவுட் செயலியிலிருந்தோ நேரடியாகத் தேடி நிறுவலாம். உருவாக்கியவரிடமிருந்தே சிசிஎக்ஸ் கோப்பாகப் பெற்றிருந்தால், அதை இருமுறை சொடுக்கினால் கிரியேட்டிவ் கிளவுட் திறந்து அனுமதி கேட்கும். நம்பகமானவர் தந்த கோப்புதான் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அனுமதி கொடுங்கள். நிறுவிய பேனல் பிளகின்ஸ் மெனுவில் அதன் பெயரோடு தோன்றும்.

பழைய சிஇபி பேனல்கள் விண்டோ மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதன் கீழ் வரும். ஃபோல்டராகக் கொடுக்கப்படும் இத்தகைய பேனல்களை நிறுவிய பிறகும் மெனுவில் காணோம் என்றால், மூன்று இடங்களைப் பாருங்கள். சுருக்கப்பட்ட கோப்பை விரித்தபோது ஒரே பெயரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அமைந்துவிட்டதா என்பது முதலாவது. உள்ளே இருக்கும் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டு போட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். விருப்ப அமைப்புகளின் (ப்ரிஃபரன்சஸ்) பிளகின்ஸ் பகுதியில் எக்ஸ்டென்ஷன் பேனல்களை ஏற்றும் கட்டத்தில் குறி இருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது, ஆப்பிள் சிலிக்கான் சில்லு உள்ள மேக் கணினியா என்பது. அதில் போட்டோஷாப் நேரடியாக இயங்கும்போது சிஇபி பேனல்கள் தோன்றவே மாட்டா. அந்தப் பேனலின் யுஎக்ஸ்பி வடிவம் வெளிவந்திருக்கிறதா என்று உருவாக்கியவரிடம் கேட்பதே நேரான வழி.

நிரல் எழுத ஆர்வம் உள்ளவர்களுக்கு

பட்டன்களுக்குப் படமும் நழுவுகோலும் (ஸ்லைடர்) வைத்த முழுமையான பேனலை உருவாக்க விரும்பினால், ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகிய மூன்றின் அடிப்படை தெரிந்தால் போதும். விருப்ப அமைப்புகளின் பிளகின்ஸ் பகுதியில் டெவலப்பர் மோடை இயக்கிவிட்டு, கிரியேட்டிவ் கிளவுடிலிருந்து யுஎக்ஸ்பி டெவலப்பர் டூல் என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். மாதிரிப் பேனல் ஒன்றை அதுவே உருவாக்கித் தரும். இங்கேயும் நீங்கள் பதிவு செய்த ஆக்‌ஷன்கள் கைகொடுக்கின்றன: டெவலப்பர் மோட் இயங்கும்போது ஆக்‌ஷன்ஸ் பேனலின் மெனுவில், தேர்ந்தெடுத்த படிகளை ஜாவாஸ்கிரிப்ட்டாக நகலெடுக்கும் கட்டளை ஒன்று இருக்கும். மேலே செய்த சாம்பல் நிற லேயரின் படியை அப்படி நகலெடுத்து, மாதிரிப் பேனலிலுள்ள பட்டனின் நிரலுக்குள் ஒட்டி, டெவலப்பர் டூலில் ரீலோடு கொடுத்துப் பாருங்கள்.